அசெம்பிள் செய்வதா, கம்பெனி கழித்ததை வாங்குவதா, வீட்டில் கிடப்பதை எழுப்புவதா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். மகள் பி.எஸ்சி. கணினி அறிவியல் முதலாம் ஆண்டு சேர்ந்திருக்கிறாள். கையில் 30,000 ரூபாய் இருக்கிறது. வீட்டில் 2013-இல் வாங்கிய டெஸ்க்டாப் ஒன்று உண்டு. ஸ்விட்சைப் போட்டுவிட்டுப் போய்க் குளித்துவிட்டு வந்தாலும் அது இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அக்கா மகன் “புதுசா அசெம்பிள் பண்ணிரலாம் மாமா, நான் பாத்துக்கிறேன்” என்கிறான். ஆபீஸ் நண்பர், பெங்களூரு கம்பெனிகள் கழித்துவிட்ட மெஷின் பாதி விலைக்குக் கிடைக்கும் என்கிறார். மூன்றில் எது நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், “செகண்ட் ஹேண்ட் வாங்கி ஏமாந்துவிட்டால் வீட்டில் பதில் சொல்ல முடியாது” என்று எழுதியிருக்கிறீர்களே, என் கண்ணுக்கு அதுதான் கேள்வி. அதனால் எது வேகம் என்பதைவிட, எந்த வழியில் போனால் பணம் எங்கே ஒழுகும் என்பதையே அதிகம் எழுதுகிறேன்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையின் அசெம்பிள் மேசையில் ஏழு வருடம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் திண்டுக்கல் வந்து சொந்தமாக சர்வீஸ் கடை போட்டுப் பதினாறு வருடம் ஆகிறது. பழைய மெஷினும் விற்கிறேன், புதிதும் பூட்டித் தருகிறேன். ஆகவே நான் சொல்வதில் என் வியாபாரமும் கொஞ்சம் கலந்திருக்கலாம். அதையும் கழித்துக்கொண்டு படியுங்கள்.

சுருக்கமாகக் கேட்டால் என் வரிசை இது. முதலில் வீட்டில் இருப்பதில் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக ஒரு எஸ்எஸ்டி (சுற்றும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) போட்டுப் பாருங்கள். ஒரு மாதம் ஓட்டியும் போதவில்லை என்றால் கம்பெனி கழித்த மெஷின், அதுவும் புராசசர் எட்டாம் தலைமுறைக்குக் குறையாதது (அந்த எண்ணைப் பார்ப்பது எப்படி என்று கீழே சொல்கிறேன்). அசெம்பிள் செய்வது உங்கள் தொகைக்கும் உங்கள் மகளின் தேவைக்கும் மூன்றாவது இடம்தான். உங்கள் மருமகன், அதாவது அக்கா மகன், கோபித்துக்கொள்ள வேண்டாம், அவனுக்கும் கீழே வேலை வைத்திருக்கிறேன்.

உங்கள் பழைய மெஷினில் ஐ3-3220 புராசசர், எச்61 போர்டு (எல்லாப் பாகமும் செருகும் மதர்போர்டு), 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு போன ஜோடி அது. அது மெதுவாக இருப்பதற்குப் புராசசரைப் பழி சொல்வார்கள். பெரும்பாலும் குற்றவாளி டிஸ்க்தான். உள்ளே தட்டு நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றுகிறது, அதாவது ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி செகண்ட். வேண்டிய கோப்பு தட்டில் எங்கோ ஓரிடத்தில் இருக்கும். ஊசி அந்த வட்டத்துக்கு நகர வேண்டும், நகர்ந்த பிறகு கோப்பு ஊசிக்கு அடியில் வரும்வரை காத்திருக்க வேண்டும். இப்படி ஒரு செகண்டுக்கு ஏறக்குறைய நூறு இடங்களைத்தான் அதனால் தொட முடியும். விண்டோஸ் திறக்கும்போதோ ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளைக் கேட்கிறது. எஸ்எஸ்டியில் சுற்றுவதற்குத் தட்டும் கிடையாது, நகர்வதற்கு ஊசியும் கிடையாது; செகண்டுக்குப் பல்லாயிரம் இடங்களைத் தொட்டுவிடும். அந்த வித்தியாசத்தைத்தான் வாடிக்கையாளர்கள் “புது மெஷின் மாதிரி இருக்கு” என்று சொல்கிறார்கள்.

எச்61 போர்டில் டிஸ்க்கைச் செருகும் சாட்டா துளைகள் பழைய 3 கிகாபிட் வகை. புதிய எஸ்எஸ்டியின் பெட்டியில் செகண்டுக்கு 550 எம்பி என்று போட்டிருந்தாலும் உங்கள் போர்டில் அதில் பாதிதான் வரும். இதைச் சொல்லி “இந்த போர்டுக்கு எஸ்எஸ்டி வேஸ்ட்” என்று சில கடைக்காரர்கள் புது செட் விற்கப் பார்ப்பார்கள். காதில் வாங்காதீர்கள். பெரிய சினிமாக் கோப்பு ஒன்றை நகலெடுக்கும்போதுதான் அந்தப் பாதி தெரியும். தினசரி வேலையில் நாம் உணர்வது மேலே சொன்ன சின்னக் கோப்பு விஷயம், அது பழைய துளையிலும் அப்படியே கிடைக்கும். 256 ஜிபி போதும், பெரிதாக வேண்டாம். கூடவே இன்னொரு 4 ஜிபி டிடிஆர்3 ரேம் ஸ்டிக். இந்த போர்டுகளில் ரேமுக்கு இரண்டு துளைகள்தான் இருக்கும், உங்களுடையதில் ஒன்று காலியாக இருக்க வாய்ப்பு அதிகம். டிடிஆர்3 புதிதாகத் தேட வேண்டாம். கழற்றிய மெஷின்களிலிருந்து எடுத்தது எந்த சர்வீஸ் கடையிலும் டப்பா நிறையக் கிடக்கும்.

மூடியைக் கழற்றியதும் மூன்றைப் பாருங்கள். ஒன்று, போர்டில் நிற்கும் சின்ன உருளைகள், கெப்பாசிட்டர் என்போம். தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியோ பழுப்பாகக் கசிந்தோ இருந்தால் அந்த போர்டில் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள். இரண்டு, புராசசர் விசிறிக்கு அடியில் தூசி மெத்தை மாதிரி படிந்திருக்கும். பிரஷ்ஷால் தட்டிவிட்டு, விசிறியைக் கழற்றி, புராசசரின் சூட்டைக் கடத்துவதற்காகத் தடவி, காய்ந்து சுண்ணாம்பாகிப் போன பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக ஒரு மிளகளவு வையுங்கள். மூன்று, காசு மாதிரி இருக்கும் சிஆர்2032 பேட்டரி. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் தேதி பல வருடம் பின்னே போய் நிற்கிறதா? அந்த பேட்டரிதான் காரணம். தேதி தப்பாக இருந்தால் வங்கித் தளமும் பல்கலைக்கழகத் தளமும் “பாதுகாப்பற்றது” என்று மிரட்டும். இதற்காக விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பழையதை எழுப்புவதில் உள்ள உண்மையான சிக்கல் விண்டோஸ். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. வீட்டு உபயோகிப்பாளர்களுக்குப் பதிவு செய்துகொண்டால் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2026 அக்டோபர் வரை வரும். விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப்பும் வேண்டும். உங்களுடையது மூன்றாம் தலைமுறை. தடையைத் தாண்டிப் போட வழி இருக்கிறது. போட்டால் உங்கள் மெஷினில் ஓடவும் ஓடும். ஆனால் அடுத்த பெரிய அப்டேட் வருமா என்பதற்கு மைக்ரோசாஃப்ட் பொறுப்பேற்காது. 2024-இல் வந்த பதிப்பு கோர் 2 டியோ போன்ற மிகப் பழைய புராசசர்களில் பூட் ஆகவே மறுத்துவிட்டது, முன்பு தாண்டிக் குதித்துப் போட்டவர்கள் அப்படியே நின்றார்கள். படிக்கிற பிள்ளையின் மெஷினில் இந்தச் சூதாட்டம் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

அதனால் இப்படிப்பட்ட மெஷினில் நான் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுத் தருகிறேன். கணினி அறிவியல் படிக்கும் பெண்ணுக்கு இது தண்டனை ஆகாது. சி, பைத்தான், ஜாவா எல்லாம் விண்டோஸைவிட இதில் எளிதாக அமரும். தமிழ்99 விசைப்பலகையும் உண்டு. லேபில் இன்னும் டர்போ சி என்ற பழைய மென்பொருளின் நீலத்திரை காட்டுகிற கல்லூரிகள் நம் ஊரில் இருக்கின்றன; அதையும் பழைய டாஸ் மென்பொருள்களை ஓட்டும் டாஸ்பாக்ஸ் வழியாக ஓட்டலாம். எம்எஸ் ஆபீஸில்தான் செய்ய வேண்டும் என்று ஆசிரியர் பிடிவாதம் பிடித்தால் மட்டும் தொல்லை. பிரவுசரில் திறக்கும் வேர்ட் பாதி வேலைக்கு உதவும், எல்லாவற்றுக்கும் உதவாது.

இடையில் ஒன்று. 2011-இலிருந்து அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி உங்கள் உறவினர் வீடுகளில் எங்காவது பரண்மேல் இருக்கும். விண்டோஸோடு, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸையும் சேர்த்துக் கொடுத்தார்கள். நிறையப் பேர் அந்த லினக்ஸ் பக்கம் போனதே இல்லை. போன மாதம்கூட ஒன்று என் மேசைக்கு வந்தது. பேட்டரி செத்து, மூடியின் கீல் உடைந்து, கீபோர்டில் இரண்டு எழுத்து போய்விட்டது. டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி, ரேம் 4 ஜிபியாக ஏற்றினேன். இப்போது ஒரு தையல் கடையில் பில் போடுகிறது. உங்கள் மகளுக்கு அது போதாது. ஆனால் இந்த வகை மெஷின் எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதற்குச் சொன்னேன்.

சரி, கம்பெனி கழித்த மெஷின். இவை எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்தால் பயம் பாதி போகும். பெரிய நிறுவனங்களும் வங்கிகளும் நூற்றுக்கணக்கில் டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் போன்றவற்றை வாங்கி அல்லது வாடகைக்கு எடுத்து, மூன்றிலிருந்து ஐந்து வருடத்தில் மொத்தமாக மாற்றிவிடுகின்றன. மெஷின் கெட்டுப்போனதால் மாற்றுவதில்லை, வாரண்டி முடிந்தது என்பதால் மாற்றுகிறார்கள். ஏசி அறையில் யூபிஎஸ் மின்சாரத்தில் பகல் முழுக்க எக்செல் ஓட்டியவை. நம் வீட்டில் ஜன்னலோரம் புழுதியில், மின்சாரம் போய் வரும் இடத்தில் ஓடியதைவிட நிம்மதியான வாழ்க்கை. அவற்றின் போர்டும் பவர் சப்ளையும், வீட்டு உபயோகத்துக்கு என்று வரும் மலிவு செட்டுகளில் உள்ளதைவிடத் தரமானவை என்பது நூற்றுக்கணக்கில் திறந்து பார்த்ததில் எனக்குச் சந்தேகமில்லாத விஷயம்.

ஏமாற்று நடப்பது தலைமுறை எண்ணில். இரண்டு வருடம் முன்பு ஒரு அப்பா, உங்களைப் போலவே மகனுக்கு வாங்கியதை ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்தார். ஆன்லைனில் எடுத்தது, பெட்டி புதுசு, உள்ளே சிவப்பு நீல விளக்கு, முன்னால் ஐ7 ஸ்டிக்கர். “ஐ7 சார், ஆனா ஸ்லோவா இருக்கு” என்றார். புராசசர் விவரத்தைக் காட்டும் சிபியு-இசட் மென்பொருளைப் போட்டேன். ஐ7-2600. கோட்டுக்குப் பின்னால் வரும் முதல் எண்தான் தலைமுறை. இரண்டு என்றால் இரண்டாம் தலைமுறை, 2011-இல் வந்த சரக்கு. ஒரு காலத்தில் ராஜாதான். ஆனால் 2017-இல் வந்த ஐ3-8100 பெரும்பாலான வேலைகளில் அதைத் தாண்டிப் போய்விடும். விற்றவர் பொய் சொல்லவில்லை, ஐ7 என்றார், ஐ7தான். எந்த ஐ7 என்று சொல்லவில்லை, அவ்வளவுதான். விளக்குக்கும் ஸ்டிக்கருக்கும் அவர் கொடுத்த பணத்தில் ஒரு நல்ல ஆபீஸ் மெஷின் கிடைத்திருக்கும்.

எனவே ஐ3, ஐ5, ஐ7 என்பதை மறந்துவிடுங்கள்; கோட்டுக்குப் பின்னால் உள்ளதை மட்டும் கேளுங்கள். நான்கு இலக்கம் என்றால் முதல் எண், ஐந்து இலக்கம் என்றால் முதல் இரண்டு எண்கள். ஐ5-8500 எட்டாம் தலைமுறை, ஐ5-10400 பத்தாம் தலைமுறை. உங்கள் பணத்துக்கு நான் தேடச் சொல்வது ஐ5-8500 அல்லது அதற்கு அடுத்தது, 16 ஜிபி ரேம், 256 அல்லது 512 ஜிபி எஸ்எஸ்டி. ஆறு கோர். விண்டோஸ் 11 முறைப்படி அமரும். மொபைல் ஆப் எழுத உதவும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ மாதிரி கனமான மென்பொருள் மூன்றாம் வருடம் வந்தால் 16 ஜிபி கைகொடுக்கும். 8 ஜிபியில் அது மூச்சு வாங்கும்.

கடைக்குப் போகும்போது மருமகனைக் கூட்டிப்போங்கள். பென்டிரைவில் சிபியு-இசட், டிஸ்க்கின் ஆரோக்கியம் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ இரண்டையும் போட்டு எடுத்துப் போகச் சொல்லுங்கள். பதினைந்து நிமிடம் மெஷினை மேசையில் வைத்து ஓட்டிப் பார்க்க விடாத கடையில் வாங்கவே வேண்டாம். அவன் செய்ய வேண்டியது: ஆன் செய்ததும், விண்டோஸ் வரும் முன், போர்டின் அமைப்புத் திரையான பயாஸ் உள்ளே போக வேண்டும் (டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10, லெனோவோவில் எஃப்1). பாஸ்வேர்டு கேட்டால் அங்கேயே நிறுத்திவிடலாம். கம்பெனி போட்ட பூட்டு எடுக்கப்படவில்லை என்று அர்த்தம், “அப்புறம் எடுத்துத் தரேன்” என்பது நடக்காது. அடுத்து டிஸ்க் இன்ஃபோவில் எஸ்எஸ்டி எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, ஆரோக்கியம் எத்தனை சதவீதம் என்று பார்க்க வேண்டும். பழைய ஹார்ட் டிஸ்க்கும் கூட இருந்தால் ‘ரீஅலொகேட்டட்’, ‘பெண்டிங்’ என்ற, தட்டில் கெட்டுப்போன இடங்களைக் காட்டும் இரண்டு வரிகளிலும் பூஜ்யம் இருக்க வேண்டும். டாஸ்க் மேனேஜரில் ரேம் எத்தனை துளையில் இருக்கிறது என்று தெரியும். ஒன்று காலியாக இருந்தால் நல்லது. டெல் என்றால் பின்னால் உள்ள சர்வீஸ் டேக் எண்ணை அவர்கள் தளத்தில் அடித்தால் எந்த மாதம் தொழிற்சாலையை விட்டு வந்தது என்பது தெரிந்துவிடும். வாய்ப்பேச்சு தேவையில்லை. கடைசியாக எல்லா யூஎஸ்பி துளையிலும் அதே பென்டிரைவைச் செருகிப் பார்க்கட்டும், சலிப்பான வேலைதான், ஆனால் செத்த துளை வீட்டுக்கு வந்த பிறகுதான் கண்ணில் படும்.

விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டுக் காட்டச் சொன்னால் இன்னும் நல்லது. இணையத்தோடு சேர்த்ததும் ஏதோ ஒரு கம்பெனியின் பெயர் வந்து அலுவலக மின்னஞ்சல் கேட்டால், அந்த மெஷின் இன்னும் அவர்கள் பட்டியலில் இருக்கிறது. லேப்டாப்பில்தான் இது அதிகம். இன்னொரு பக்கம், இந்த மெஷின்களின் போர்டிலேயே விண்டோஸ் ப்ரோ உரிமம் பதிந்து வந்திருக்கும், புதிதாகப் போட்டாலும் தானே ஆக்டிவேட் ஆகிவிடும். இந்த ஒரு விஷயத்தை விலை ஒப்பிடுபவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். ஒல்லியான சின்னப் பெட்டி என்றால் பவர் சப்ளை அந்தக் கம்பெனிக்கே உரிய வடிவம்; போர்டில் செருகும் முனைகூட வேறு. போய்விட்டால் கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளைக்குக் கடையில் சொல்லும் பெயர்) சேராது, இன்னொரு பழைய மெஷினிலிருந்துதான் எடுக்க வேண்டும். கிராபிக்ஸ் கார்டு போட வேண்டும் என்றால் உயரம் குறைந்த வகைதான் நுழையும், அதுவும் துளையிலிருந்து கிடைக்கும் 75 வாட்டுக்குள் ஓடக்கூடியதாக இருக்க வேண்டும். பல மாடல்களில் வைஃபை கிடையாது, யூஎஸ்பி டாங்கிள் வாங்க வேண்டும். உங்கள் பழைய 18.5 இன்ச் மானிட்டரில் விஜிஏ என்ற பழைய வகைப் படத் துளை மட்டும்தான் என்று சொன்னீர்கள். இந்தப் பெட்டிகள் பலவற்றில் பின்னால் டிஸ்ப்ளே போர்ட் என்ற புதிய வகைத் துளை மட்டும் இருக்கும். இரண்டையும் இணைக்க ஒரு கன்வெர்ட்டர் வேண்டும், சில நூறு ரூபாய்தான். வாங்கும் நாளிலேயே கையோடு வாங்கிவிடுங்கள், இல்லையென்றால் வீட்டுக்கு வந்து பொருத்த முடியாமல் எல்லோரும் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள்.

இப்போது மருமகனின் கட்சி. அசெம்பிள் செய்வது எனக்குப் பிடித்த வேலை, சோறு போட்ட வேலை. நாமே பூட்டிய மெஷினில் எது போனாலும் எது போயிற்று என்று தெரியும், அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம். நாலு வருடம் கழித்து புராசசரை மட்டும் ஏற்றலாம். கேம், வீடியோ எடிட்டிங், முப்பரிமாணம் என்றால் வேறு வழியே யோசிக்க வேண்டாம். ஆனால் 30,000-க்குள் முடிக்க வேண்டும் என்றால் எங்காவது கை வைக்க வேண்டி வரும், எல்லோரும் கை வைக்கிற இடம் பவர் சப்ளை. நானும் வைத்தேன். 2009-இல் மைத்துனருக்குப் பூட்டிக் கொடுத்தபோது கேபினெட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ்ஸையே விட்டுவிட்டேன், 1,200 ரூபாய் மிச்சம் பிடித்த பெருமை வேறு. அடுத்த ஏப்ரலில் ஒரு மதியம் மின்சாரம் போய் வந்தபோது ஒரு ‘டப்’. போர்டும் டிஸ்க்கும் சேர்ந்து போயின. போர்டுக்கு நான் காசு கொடுத்துவிட்டேன். டிஸ்க்கில் இருந்த அவர் பையனின் முதல் பிறந்தநாள் படங்களுக்கு என்ன கொடுப்பது? இன்றுவரை அந்த வீட்டு விசேஷங்களில் யாராவது ஒருவர் அந்தப் பேச்சை எடுத்துவிடுகிறார்.

பொருத்தம் பார்க்காமல் தனித்தனியாக மலிவாகப் பொறுக்குவதும் இன்னொரு பள்ளம். ஒரு கல்லூரிப் பையன் எச்110 போர்டும் ஐ3-8100-உம் வாங்கிக்கொண்டு வந்தான். இரண்டிலும் புராசசர் உட்காரும் குழியின் வகை எல்ஜிஏ 1151 என்றுதான் போட்டிருக்கும், புராசசர் அழகாக உட்காரவும் செய்யும். திரையில் ஒன்றும் வராது. எட்டாம் தலைமுறைக்கு 300 வரிசை போர்டு வேண்டும், இன்டெல் அப்படி மாற்றிவிட்டது. இன்னொருவர் ஐ3-12100எஃப் வாங்கினார், ஐ3-12100-ஐவிட விலை குறைவு என்று. அந்த கடைசி எஃப் எழுத்துக்கு உள்ளே கிராபிக்ஸ் கிடையாது என்று பொருள். தனியாகக் கார்டு போடாமல் படம் தெரியாது. மருமகன் இதெல்லாம் தெரிந்தவனாக இருக்கலாம். தெரிந்தவனா என்று சோதிக்க இந்த இரண்டையும் கேட்டுப் பாருங்கள்.

இதற்கு மேல் இப்போது ரேம் விலை. 2025-இன் கடைசி மாதங்களில் செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போனதால், ரேம் விலை சில மாதங்களிலேயே இரண்டு மடங்குக்கும் மேல் ஏறியது. எஸ்எஸ்டி விலையும் பின்னாலேயே ஏறியது. உள்ளேயே 16 ஜிபி இருக்கும் பழைய மெஷினுக்கு இதனால் மதிப்பு கூடியிருக்கிறது. விற்பவர்களுக்கும் அது தெரிந்துவிட்டதால் சிலர் 16-ஐ எடுத்துவிட்டு 8 போட்டு விற்கிறார்கள். பேசிய அளவு உள்ளே இருக்கிறதா என்று காசு கொடுக்கும் முன் மறுபடி பாருங்கள். அசெம்பிள் கணக்கில் விண்டோஸ் விலையையும் சேர்க்க வேண்டும். 500 ரூபாய்க்குக் கிடைக்கிற ‘கீ’ ஆக்டிவேட் ஆகும், ஆனால் அது யாருடைய உரிமம் என்று விற்பவருக்கே தெரியாது. நான் விற்பதில்லை.

அப்படியும் புதிதுதான் என்று முடிவு செய்தால், உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கும் ரைசன் 5 5600ஜி போன்ற ஒரு புராசசர், பெயர் தெரிந்த கம்பெனியின் 450 வாட் எஸ்எம்பிஎஸ், ரேம் இப்போதைக்கு ஒரே ஸ்டிக், விலை இறங்கியதும் இன்னொன்று என்று போகலாம். வேகத்தில் இது மேலே சொன்ன ஐ5-8500-ஐத் தூக்கிச் சாப்பிட்டுவிடும், அதை மறைக்கக் கூடாது. முதலாம் ஆண்டு பைத்தான் பாடத்தில் அந்த வேகம் உங்கள் மகளின் கண்ணில் படாது என்பதுதான் என் வாதம். ஒவ்வொரு பாகத்துக்கும் ஜிஎஸ்டி பில், அதில் சீரியல் எண். 18 சதவீதத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று பில் இல்லாமல் வாங்கினால் வாரண்டிக்குப் போய் நிற்கும்போது கையில் ஒன்றும் இருக்காது. டப்பா இல்லாமல் வரும் ‘டிரே’ புராசசருக்கும் அதே கதிதான், கடைக்காரர் வாய்வார்த்தைதான் வாரண்டி.

எந்த வழியில் போனாலும் 600 விஏ யூபிஎஸ் ஒன்று கணக்கில் இருக்கட்டும். ஏற்கனவே இருந்தால் உள்ளே இருக்கும் 12 வோல்ட் பேட்டரியை மட்டும் மாற்றுங்கள். அது இரண்டு மூன்று வருடத்துக்கு மேல் தாங்குவது அபூர்வம். “பழைய மெஷின் கரண்டைக் குடிக்கும்” என்று யாராவது சொல்வார்கள்; பெட்டி 50 வாட் எடுத்து நாளைக்கு 6 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 18 யூனிட். 100 யூனிட் இலவசத்துக்குள் இருக்கும் வீடு என்றால் தெரியவே தெரியாது. ஏற்கனவே 500 யூனிட் விளிம்பில் நிற்கும் வீடு என்றால் மட்டும், தாண்டினால் மொத்தக் கட்டணமும் வேறு அட்டவணைக்குப் போய்விடும் என்பதால் கொஞ்சம் யோசிக்கலாம்.

லேப்டாப் வேண்டாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மகள் ஹாஸ்டலில் இருக்கிறாள் என்றால் மேலே எழுதியதில் பாதி பயனில்லை. அதே எட்டாம் தலைமுறை விதி, அதே பயாஸ் பூட்டு சோதனை, கூடவே பேட்டரியை வாங்கியதுமே மாற்ற வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

எனக்கு உறுதியாகத் தெரிந்தது, தெரியாதது என்று பிரித்தால்: எஸ்எஸ்டி போட்டால் உங்கள் பழைய மெஷின் வேகமாகும் என்பதில் சந்தேகம் இல்லை. தலைமுறை எண்ணும், விண்டோஸ் 11 கணக்கும் உறுதி. வாங்கும் பழைய மெஷின் இன்னும் எத்தனை வருடம் ஓடும் என்பதை யாரும் சொல்ல முடியாது. என் மேசைக்கு வருபவற்றில் முதலில் சாவது ஹார்ட் டிஸ்க், அப்புறம் பவர் சப்ளை, அப்புறம் விசிறி, கடைசியில் போர்டு. புராசசர் தானாகச் செத்ததை இத்தனை வருடத்தில் விரல்விட்டு எண்ணிவிடுவேன். இது ஒரு ஊரில் ஒரு கடையின் அனுபவம். கடற்கரை ஊரில் உப்புக்காற்றில் இருப்பவர்கள் வரிசையை மாற்றிச் சொல்லக்கூடும். கடை எழுதித் தரும் ஆறு மாதம், ஒரு வருடம் வாரண்டியை நான் பெரிதாக எண்ணுவதில்லை. முதல் முப்பது நாளுக்குள் மாற்றித் தருவாரா என்பதைத்தான் பில்லில் எழுதி வாங்கச் சொல்வேன், ஏனென்றால் வரப்போகிற கோளாறு பெரும்பாலும் அதற்குள் வந்துவிடுகிறது. வீடியோ எடிட்டிங்குக்கு எது சரி என்று கேட்டால் என்னைவிட அந்த வேலை செய்பவர்களைக் கேளுங்கள், என் கடைக்கு அவர்கள் வருவது குறைவு.

ஒன்று மட்டும் அவசரம். எஸ்எஸ்டி போட்டதும் அந்தப் பழைய 500 ஜிபி டிஸ்க்கை ‘இன்னொரு டிஸ்க்காக இருக்கட்டும்’ என்று உள்ளேயே விட்டுவிடாதீர்கள். பன்னிரண்டு வருடம் சுற்றியிருக்கிறது. வெளியே எடுத்து, 3.5 இன்ச் டிஸ்க்குக்கான யூஎஸ்பி கேஸ் ஒன்றில் போட்டு, அதில் இருக்கும் படங்களை இரண்டு இடத்தில் நகலெடுங்கள். கேஸோடு தனி அடாப்டர் வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள், இந்த அளவு டிஸ்க் யூஎஸ்பி மின்சாரத்தில் மட்டும் சுற்றாது. நகலெடுக்கும்போது ‘டிக் டிக்’ என்று சத்தம் கேட்டால் உடனே நிறுத்திவிட்டு, அதற்கு மேல் முயற்சி செய்யாமல் டேட்டா எடுத்துத் தருபவர்களிடம் கொடுங்கள்.